யாருக்காகப் பிழிந்த இரசம்?

பிரான்சு நாட்டின் கிழக்கே உள்ள பர்கண்டி நிலப்பகுதி நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. இயேசுவின் திருஇருதயப் படம் இல்லாத வீடு நம்மிடையே அரிது. அந்தப் பக்தி உலகெங்கும் பரவக் காரணமாயிருந்த புனித மார்கரீத் மரியாவின் பரே-லெ-மோனியால் மடம் அங்கேதான் உள்ளது. லூர்து அன்னையின் காட்சி பெற்ற புனித பெர்னதெத், துறவியாக வாழ்ந்து 1879-இல் கண்மூடிய நெவேர் நகரும் அங்கேதான். நம் இளைஞர்கள் பாடும் தெசே பாடல்கள் பிறந்த சிற்றூரும் அங்கேதான். ஆயினும், ஆண்டுதோறும் பர்கண்டிக்குச் செல்லும் விடுமுறைக் கூட்டத்தில் பெரும்பகுதி இம்மூன்றையும் தேடிச் செல்வதில்லை. உண்பதற்கும் பருகுவதற்குமே செல்கிறது.

எந்த ஊரில் எந்தத் தோட்டத்துத் திராட்சை மது, எந்த விடுதியில் எந்த இறைச்சிக் குழம்பு, எந்தச் சந்தையில் எந்தப் பாலாடைக்கட்டி என மாதக்கணக்கில் திட்டமிட்டுப் புறப்படுவோர் பலர். திழோன் நகரில் தொடங்கித் தெற்கே சாந்தெனே வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் செல்லும் சாலை, திராட்சைத் தோட்டங்களைக் காண்பதற்கென்றே 1937-இல் வகுக்கப்பட்டது. அச்சாலையின் இருமருங்கும் உள்ள சிறு சிறு நிலத்துண்டுகள் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரும் தனிச்சுவையும் உண்டு. 2015-இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றது.

மதுவால் சிதையும் குடும்பங்களை நம் பங்குகளில் அன்றாடம் காண்கிறோம். அத்தகைய நாம் இதை ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நம் மொழி இதில் கவனமாக இருக்கிறது. பீடத்தில் காணிக்கையாக்குவதைத் 'திராட்சை இரசம்' என்கிறோம்; கடையில் விற்பதை 'மது' என்கிறோம். பிரெஞ்சு மொழியில் இரண்டிற்கும் சொல் ஒன்றே. ஆனால் பர்கண்டியின் வரலாற்றைப் புரட்டினால், ஒரு சொல்லுக்குள்ளேயே அவ்விரு பொருளும் பல நூற்றாண்டுகளாக ஒன்றோடொன்று போராடி வந்திருப்பதைக் காணலாம். அந்நிலத்தின் மதுவுக்குப் பெயர் தேடித்தந்தோருள் முதன்மையானவர்கள் விருந்தினர் அல்லர், நோன்பிருந்தோர்.

புனித பெனடிக்ட் 6-ஆம் நூற்றாண்டில் வகுத்த ஒழுங்குநூலிலிருந்தே இதனைத் தொடங்க வேண்டும். துறவிக்கு இரசம் ஏற்றதன்று என்னும் கருத்தை அவர் அறிவார். ஆனால் தம் காலத்துத் துறவிகளை அதற்கு இணங்கவைக்க இயலாது என்பதையும் அறிவார். எனவே 40-ஆம் அதிகாரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு சிறு அளவை இரசம் என்று வரையறுத்தார். அதற்கு முந்தைய அதிகாரம் சமைத்த உணவு இரண்டு வகை, ரொட்டி ஒரு இராத்தல் என்கிறது. நாற்கால் விலங்கின் இறைச்சி கூடாது. மிகவும் நலிந்த நோயாளிக்கு மட்டும் விலக்கு. விருந்தினர் வந்தால் கிறிஸ்துவையே வரவேற்பதுபோல் வரவேற்க வேண்டும். அவர்கள் எந்நேரத்தில் வந்தாலும் துறவியர் அமைதி குலையாதிருக்க அவர்களுக்கென்று தனி அடுக்களை வேண்டும். ஆக, துறவுமடத்தில் இரசம் வேண்டியிருந்தது பீடத்திற்கும் விருந்தினருக்கும் நோயாளிகளுக்கும். எஞ்சிய சிறு அளவு துறவிக்கு.

இந்த அளவு எங்கும் காக்கப்பட்டது என்று சொல்வதற்கில்லை. பர்கண்டியின் தெற்கே 910-இல் நிறுவப்பட்ட குளுனி மடம் ஐரோப்பா முழுவதும் கிளைவிட்டுச் செழித்தது. செழிப்பு உணவுக்கூடத்திலும் தெரிந்தது. 1098-இல் ராபர்ட் என்னும் மடத்தலைவர் இருபதுக்குக் குறையாத துறவியருடன் மொலேம் மடத்தைவிட்டு வெளியேறி, திழோனுக்குத் தெற்கே நாணல் மண்டிய சதுப்பு நிலத்தில் சீத்தோ என்னும் புதுமடத்தை நிறுவியது பழைய ஒழுங்குக்குத் திரும்பத்தான். சில ஆண்டுகளில் அங்கு ஏறத்தாழ முப்பது தோழர்களுடன் வந்து சேர்ந்தார் திழோனை அடுத்த ஃபோந்தேனில் பிறந்த பெர்நார்து. பின்னர் கிளேர்வோ மடத்தலைவரான அவர், 1125-ஐ ஒட்டி எழுதிய ஒரு நூலில் குளுனித் துறவியரின் பந்தியை எள்ளி நகையாடினார். இறைச்சிதான் கூடாதே என்று மீனை அடுக்கடுக்காகப் பரிமாறுவது, முட்டையை எத்தனை வகையில் உருமாற்றலாமோ அத்தனை வகையிலும் சமைப்பது ஆகியன அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. இன்று அதே பர்கண்டியில் முட்டையைச் சிவப்பு மதுக்குழம்பில் இட்டுப் பரிமாறும் உணவு பெரும்புகழ் பெற்றது. பெர்நார்து கண்டிருந்தால் மற்றொரு நூல் எழுதியிருப்பார்!

ஆயினும், இரசத்தின் பெருமை குளுனியோடு நின்றுவிடவில்லை. கண்டிப்புக்குப் பெயர்பெற்ற சீத்தோவே அதை வளர்த்தது. சதுப்பு நிலத்தில் திராட்சை செழிக்காது. எனவே 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள வூழோ குன்றுச்சரிவில் துறவியர் நிலம் பெற்றனர். கொடையாகச் சில, விலைக்குச் சில என்று சேர்ந்த அத்துண்டுகளை நாளடைவில் ஒரே மதிலுக்குள் கொண்டுவந்தனர். 1336 அளவில் நிறைவுற்ற அம்மதில் ஏறத்தாழ 50 எக்டேர் நிலத்தைச் சூழ்ந்து நிற்கிறது. பழச்சாறு பிழிவதற்கென அமைந்த மாபெரும் மரச்செக்குகளை இன்றும் அங்கே காணலாம்.

துறவியர் மண்ணை நாவில் வைத்துச் சுவைத்தே எல்லை பிரித்தனர் என்பது வழிகாட்டிகள் விரும்பிச் சொல்லும் கதை. அதை நாம் நம்பவேண்டியதில்லை. நம்பாமலிருப்பதால் வியப்பும் குறைவதில்லை. தனி உழவன் ஒருவனின் அனுபவம் அவனோடு முடிந்துவிடும். மடமோ சாவதில்லை. ஒரே நிலத்தை ஒரே சமூகம் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் பராமரித்து, எந்தத் துண்டில் பனி முதலில் விழுகிறது, எதில் பழம் முன்னே கனிகிறது என்பதைத் தலைமுறைக்குத் தலைமுறை கைமாற்றியது. இங்கே ஒன்றை மறக்கலாகாது. பாடற்கூடத்தில் நின்ற துறவிகளைவிட மிகுதியாக அந்நிலத்தில் உழைத்தவர்கள் எழுத்தறிவற்ற பொதுநிலைச் சகோதரர்களும் கூலியாட்களுமே. அவர்களின் பெயர் எந்தப் புட்டியின் மீதும் இல்லை.

வறுமையைத் தேடிச் சென்றவர்களிடம் செல்வம் தானே வந்து சேர்ந்தது. 1551-இல் வூழோத் தோட்டத்தின் நடுவே அழகிய மாளிகை ஒன்று எழுந்தது. பெர்நார்து குளுனியில் கண்ட குறை அவருடைய சொந்த வீட்டிற்கும் வந்துவிட்டது என்றே சொல்லத் தோன்றுகிறது. பின் 1789 வந்தது. அவ்வாண்டு நவம்பரில் திருச்சபைச் சொத்துகள் நாட்டுடைமையாயின. மறு ஆண்டு துறவற வார்த்தைப்பாடுகள் சட்டத்தால் விலக்கப்பட்டன. வூழோவும் சீத்தோவும் 1791-இல் விலைபோயின. குளுனியின் பெருங்கோவில், கல் எடுக்கும் சுரங்கமாகி, சிறு பகுதி தவிர அழிந்தது. சீத்தோவுக்குத் துறவியர் 1898-இல்தான் திரும்பினர். திராட்சைத் தோட்டங்கள் திரும்பவில்லை. 1925 முதல் அவர்கள் பாலாடைக்கட்டி செய்து பிழைக்கின்றனர். பயணிகள் அதைத் தேடி வாங்குகின்றனர்.

உணவுக்காகவே ஊர் சுற்றும் வழக்கம் இதற்குப் பின், மோட்டார் வண்டியோடு வந்தது. சக்கர வணிகரான மிஷ்லேன் நிறுவனம் 1900-இல் வெளியிட்ட கையேடு, 1926 முதல் விடுதிகளுக்கு நட்சத்திரம் அளித்தது. 1921-இல் திழோனின் மாநகரத் தலைவர் கஸ்தோன் ழெரார் உணவுக் கண்காட்சி ஒன்றைத் தொடங்கினார். 1930-களின் பொருளாதார நெருக்கடியில் மது விலைபோகாமல் கிடங்குகளில் தேங்கியது. வாங்க ஆளில்லை என்றால் விருந்துக்கு அழைப்போம் என்னும் எண்ணத்துடன் 1934-இல் நுயி-சேன்-ழோர்ழ் ஊரில் ஒரு சபை தோன்றியது. செந்நிற அங்கி, ஊர்வலம், உறுதிமொழி எனச் சடங்குகளை வகுத்துக்கொண்டு தன்னைச் 'சகோதரக் குழாம்' என்றே அழைத்துக்கொண்டது. 1944-இல் வூழோ மாளிகை அச்சபையின் கைக்கு வந்தது. துறவியர் பழம் பிழிந்த வளாகத்தில் இன்று நூற்றுக்கணக்கானோர் அமர்ந்து விருந்துண்கின்றனர். மடத்தின் உடை உண்டு. மடத்தின் நோன்பு இல்லை. இதைப் பழிப்பதா என்று தயங்குகிறோம். வறுமையில் வாடிய உழவர்களுக்கு அவ்விருந்து சோறு தந்தது என்பதும் உண்மை.

இச்சாலையில் செல்வோர் வேறெங்கும் விரைந்து கடந்தாலும் போன் நகரில் நிற்க வேண்டும். நூற்றாண்டுப் போர் அடங்காத காலம் அது. 1435-இல் பர்கண்டியும் பிரான்சும் உடன்படிக்கை செய்துகொண்ட பின்னும் கொள்ளைக் கூட்டங்கள் நாட்டைச் சூறையாடின. பஞ்சமும் கொள்ளைநோயும் சூழ்ந்திருந்தன. அந்நிலையில் கோமகனின் தலைமை அமைச்சரான நிக்கோலா ரோலேன், தம் துணைவி கிகோன் தெ சாலேனுடன் 1443 ஆகஸ்டு 4-ஆம் நாள் ஏழை நோயாளிகளுக்கென ஒரு மருத்துவமனைக்குச் சாசனம் எழுதினார். அதன் பெயர் 'கடவுளின் விடுதி'. ரோலேன் நல்லவரா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்கு ஐயமுண்டு. அத்தனை பேரை ஏழைகளாக்கியவர் அவர்களுக்கு ஒரு வீடு கட்டித்தருவது முறைதானே என்று மன்னர் பதினோராம் லூயி சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. சாசனத்தில் ரோலேனே மண்ணுலகச் செல்வத்தைக் கொடுத்து விண்ணுலகச் செல்வத்தைப் பெற்றுக்கொள்ளும் வணிகமாகத்தான் இதனைக் குறிப்பிடுகிறார். நாள்தோறும் காலையில் வாயிலில் ஏழைகளுக்கு வெள்ளை ரொட்டி வழங்க வேண்டும் என்றும் விதித்தார். ஏழைகள் கறுத்த ரொட்டி உண்ட காலத்தில் 'வெள்ளை' என்று குறித்தெழுதியதைக் கவனிக்க வேண்டும்.

1452 புத்தாண்டு நாளன்று முதல் நோயாளி சேர்க்கப்பட்டார். 'ஏழையர் கூடம்' எனப்படும் நெடிய மண்டபத்தின் நீளம் ஏறத்தாழ 50 மீட்டர். இருபுறமும் வரிசையாகக் கட்டில்கள். கூடத்தின் கோடியில் பீடம். எழ முடியாதவரும் படுத்தபடியே திருப்பலி காணலாம். பீடத்தின்மேல் ரோகியர் வான் தெர் வைடன் தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியம் இருந்தது. இன்று அது அருகே தனி அறையில் உள்ளது. வாரநாள்களில் அதன் கதவுப் பலகைகள் மூடியிருக்கும். ஞாயிறும் திருவிழாவும் வந்தால் திறக்கப்படும். நடுவே மிக்கேல் சம்மனசு தராசு ஏந்தி நிற்பார். நோயில் கிடந்தோரின் கண்ணெதிரே அது தொங்கியது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அத்தராசின்முன் கோமகனும் கூலியாளும் ஆடையின்றிச் சமமாக நிற்பதை அவர்கள் பார்த்திருப்பார்கள். ரோலேன் 1462-இல் இறந்த பின், கிகோன் அம்மையார் அங்கேயே பணிசெய்து 1470-இல் மறைந்தார். அவர் அடக்கம் செய்யப்பட்டதும் அங்கேதான்.

மருத்துவமனைக்கு 1457-இல் ஒரு பெண்மணி தம் திராட்சைத் தோட்டத்தை எழுதிவைத்தார். அவரைத் தொடர்ந்து உயிலில் ஒரு துண்டு, நேர்ச்சையாக ஒரு துண்டு என்று பலர் கொடுத்துவந்தனர். இன்று அத்தோட்டங்கள் ஏறத்தாழ 60 எக்டேர். அவற்றின் மது கொடையாளர் பெயரையே தாங்குகிறது. புரட்சியில் மடங்கள் மறைந்தன. இம்மருத்துவமனையும் அதன் நிலமும் பிழைத்தன. 1859 முதல் அதன் புதுமது ஏலம் விடப்படுகிறது. நவம்பர் மூன்றாம் ஞாயிறு நடைபெறும் அவ்வேலத்திற்கு உலகெங்கிலுமிருந்து வணிகர் வருகின்றனர். 2022-இல் அறப்பணிக்கென ஒதுக்கிய ஒரே பீப்பாய் 8,10,000 யூரோவுக்கு விலைபோனது. வாங்குவோர் வீண்பெருமைக்காக வாங்கலாம். வரும் பணம் மருத்துவமனைக்கே செல்கிறது. நோயாளிகள் 1971-இல் நவீனக் கட்டடத்திற்கு மாற்றப்பட்டனர். பழைய கூடம் காட்சியகமானது.

இதனோடு திழோனை ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 1204-இல் கோமகன் மூன்றாம் ஓதோ அங்கே தூய ஆவியின் பெயரால் ஒரு மருத்துவமனையை நிறுவினார். எட்டு நூற்றாண்டு நோயாளிகளைத் தாங்கிய அவ்வளாகம், மருத்துவம் வேறிடம் பெயர்ந்த பின், 2022 மே மாதம் 'உணவு, மது ஆகியவற்றின் பன்னாட்டு நகரம்' என்ற பெயருடன் திறக்கப்பட்டது. சமையல் வகுப்புகள், மதுக்கூடம், உணவுக் கடைகள் எல்லாம் அங்கே உண்டு. பழைய சிற்றாலயம் காக்கப்பட்டிருக்கிறது. அதற்காக நகராட்சியைப் பாராட்டலாம். போனில் மதுவிலிருந்து மருத்துவமனைக்குச் செல்லும் பாதை இன்னும் அறுபடவில்லை. திழோனில் மருத்துவமனை இருந்த இடத்தில் பந்தி விரிக்கப்பட்டிருக்கிறது. பயணத் திட்டம் வகுப்போர் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். இடைவெளி ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான்.

குளிரைப் பொறுக்கக்கூடியவர்கள் சனவரி இறுதியில் செல்வது நல்லது. 22-ஆம் நாள் திராட்சை உழவரின் பாதுகாவலரான மறைசாட்சி வின்சென்ட் திருநாள். அதையொட்டிய விழா 1938 முதல் ஆண்டுக்கு ஓர் ஊரில் நடைபெறுகிறது. பல ஊர்களின் வின்சென்ட் சபையினர் தத்தம் புனிதர் சுரூபத்தையும் கொடியையும் சுமந்து, விடியலில் உறைபனியின்மீது தோட்டங்களுக்கிடையே ஊர்வலமாக வருவர். பின் திருப்பலி, அதன் பிறகு பந்தி. பயணக் கையேடுகள் பந்தியைப் பற்றி விரிவாக எழுதும். அச்சபைகள் உழவர்களின் உதவிக் கழகங்கள் என்பதைச் சொல்வது அரிது. உறுப்பினர் ஒருவர் நோயில் விழுந்தால், மற்றவர்கள் கத்தரிக்கோலுடன் அவர் தோட்டத்திற்குள் இறங்கி, அவருடைய கொடிகளைக் கவாத்து செய்துவிட்டுத் தங்கள் தோட்டத்திற்குத் திரும்புவர்.