தகடூர்க் கற்களும் திருப்பணி நெறியும்

அதியமான் நெடுமான் அஞ்சி அரசு வீற்றிருந்த தகடூரே இன்றைய தருமபுரி. ஔவையார் பாடிய அவ்வள்ளலின் அரண்மனை நின்ற இடம் இதுவெனக் காட்டுவார் இன்று இலர். பெருஞ்சேரல் இரும்பொறை எறிந்த மதிலும் இல்லை. அப்போரைப் பொருளாகக் கொண்ட தகடூர் யாத்திரை என்னும் நூலும் முழுமையாகக் கிடைத்திலது. புறத்திரட்டு முதலியவற்றிற் சிதறிக் கிடக்கும் சில செய்யுட்களே எஞ்சின. மதிலும் போயிற்று, ஏடும் போயிற்று.

ஆயினும் கல் ஒன்று வாய் திறந்தது. திருக்கோவலூர்ப் பகுதியிலுள்ள ஜம்பையில் 1981ஆம் ஆண்டில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. அங்குள்ள பாழியை அதியன் நெடுமான் அஞ்சி ஈந்தான் என்பது அதன் செய்தி. அவனைச் 'சதியபுதோ' என்று அது குறித்தலின், அசோகனின் கல்வெட்டுக்களிற் காணும் சத்தியபுத்திரர் அதியர் மரபினரே என்பது துணிபாயிற்று. அறிஞர் பல்லாண்டு வழக்காடிய வினாவிற்கு ஒரே வரி விடை பகர்ந்தது. அப்பாறையைத் துலக்கி அழகு செய்வோம் என்று எவரும் முற்படாமல் விட்டதே தமிழர் செய்த தவம்!

தருமபுரியில் 'கோட்டை' என்னும் பெயர் வழங்குகிறது; கோட்டையோ பெயரளவில்தான் உளது. மைசூராரும் ஆங்கிலேயரும் பொருத நாளில் பலர் கைப்பட்டு, 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் பாராமகாலோடு கும்பினியார் வசமான இடம் அது. அரண் அழிந்த அவ்விடத்தே மல்லிகார்ச்சுனர் திருக்கோயிலும் காமாட்சியம்மை திருக்கோயிலும் நிலைத்து நிற்கின்றன. காரணம் யாது? நாள்தோறும் விளக்கெரிந்தது; கூரை ஒழுகினால் ஏனென்று கேட்பார் இருந்தனர். வழிபாடே அவற்றிற்கு வாய்த்த முதற்காவல்.

நுளம்பர் கலைத்திறனுக்குச் சான்றாகிய இக்கோயிலின் மண்டபத்தில் 'தொங்கும் தூண்கள்' எனப்படும் இரண்டு உள்ளன. அவற்றின் அடி முழுவதும் தரையிற் படியாது. இடையே மெல்லிய துணி ஒன்றை ஓட்டி எடுக்கலாம். அம்மை கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி இராமகாதை சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளது. இனி, திருப்பணி என்ற பெயரால் அத்தரையை உயர்த்திப் பளிங்கு ஓடு பாவினால் என்னாகும்? தூண் தொங்காது, இராமகாதை மண்ணுக்குட் போகும். கெட்ட எண்ணத்தால் அன்று, பத்தியால் இது நிகழும் என்பதே வருத்தம்.

கடற்கரை நகரங்களிற் கட்டடத்தின் பகை கண்ணெதிரே நிற்கும். 1306ஆம் ஆண்டு மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலை கொண்டுபோயிற்று. ஆனால் நாகப்பட்டினத்துக் கதை வேறு. மாலுமிகட்குக் கரை காட்டும் அடையாளமாய் நின்ற பழைய பௌத்தச் செங்கற் கோபுரம், கடலுக்கும் புயலுக்கும் தப்பி, 1867ஆம் ஆண்டில் அரசினர் இசைவோடு இடிக்கப்பட்டது. கடல் விட்டதை மனிதன் விடவில்லை. கடலே இல்லாத தகடூர் நாட்டில் அஞ்சத்தக்கது மனிதன் கை ஒன்றே.

மணலை விசையோடு வீசிக் கல்லைத் துலக்குதல், கல்வெட்டின்மேற் சுண்ணமும் எண்ணெய் வண்ணமும் பூசுதல், சுண்ணச் சாந்து இருந்த இடத்திற் சிமெண்டை அப்புதல் ஆகியன இக்காலத்துத் திருப்பணிக் குற்றங்கள். வீசிய மணல் அழுக்கை மட்டும் அகற்றுவதில்லை. எழுத்தின் விளிம்பையும் சிற்பத்தின் கண்ணையும் உடன் கொண்டு செல்கிறது. கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காத்தற்பொருட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு சூன் திங்களில் 75 கட்டளைகள் பிறப்பிக்க நேர்ந்தது.

எனினும் இந்நெறி நீதிமன்றம் புதிதாக வகுத்ததன்று. இலக்கணம் கெடாமல் நிற்கும் கோயிலை அதற்குரிய பொருள்களைக் கொண்டே புதுக்குக என்பது மயமதத்தின் விதி. திருமழபாடி விமானத்தைப் பிரித்துக் கட்டப் பணித்த முதலாம் இராசராசன், அதிலிருந்த கல்வெட்டுக்களைப் படியெடுத்து வைக்குமாறு ஆணையிட்டான். மகன் இராசேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. மாமன்னர்க்கு இருந்த இவ்வச்சம் திருப்பணிக் குழுவினர்க்கும் இருத்தல் வேண்டும். வேலை தொடங்குமுன் ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்டு, எழுத்துக்களை மைப்படி எடுத்து, நிழற்படமும் எடுத்து வைத்தல் இன்று அரிதன்று. அப்பரடிகள் கைக்கொண்டதோ உழவாரம். விமானத்து வெடிப்பில் வேர்விடும் ஆலங்கன்றைக் களைவதற்கு அதனினும் சிறந்த கருவி வேண்டுவதில்லை.

நுளம்பபாடியை வென்ற சோழர் அதற்கு நிகரிலிசோழ மண்டலம் என்று பெயரிட்டனர். பெயரை மாற்றினரேயன்றி, பகைவர் செய்த தூண்களை உடைத்திலர். வேலைப்பாடு மிக்க அக்கருங்கற்றூண்களை நெடுந்தொலைவு கொணர்ந்து, காவிரிக் கரையில் ஐயாறப்பர் திருக்கோயிலில் நிறுத்தினர். திருவையாறு செல்லும் தருமபுரி அன்பர்கள் அவற்றை இன்றும் ஆங்கே காணலாம்.