துவக்கும் பூவரசங் கட்டையும்

துப்பாக்கியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் இரும்பின் வரலாற்றையே எழுதிச் சென்றுள்ளனர். குழலை அடித்து உருட்டிய முறை, மருந்து கூட்டிய அளவு, தீயெழுப்பும் பொறியின் அமைப்பு என்பன பற்றி நூல்கள் பல உள. அக்குழலைத் தாங்கி நிற்கும் மரக்கட்டையைப் பற்றி ஓரிரு வரிகளுக்கு மேல் எழுதியவர் அரியர். ஆயின் கைத்துவக்கொன்று பயனற்றுப் போவது இரும்பு பிளப்பதனால் மட்டுமன்று. இரும்பும் மரமும் கூடுமிடந் தளர்ந்து, குறி பிழைத்து, ஈற்றிற் கட்டையின் கழுத்து வெடித்துக் கைவிடப்பட்டவை பல. அத்தளர்வின் காரணமும், அதனைத் தீர்த்த கைத்திறனும், அத்திறனுக்கு வேண்டிய மரமும் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியோடு எவ்வகையில் தொடர்புடையன என்பது ஆராயத்தக்கது.

தீவுப்பகுதி படைக்கலத்துக்குப் புதிய இடமன்று. ஊர்காவற்றுறை மிகப் பழைய துறைமுகம். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளையும், யானை குதிரை ஏற்றி வந்து உடைந்த மரக்கலங்களிலிருந்து அரசுக்குச் சேரவேண்டிய பங்கையும் பற்றிப் பேசுகின்றது. அவன் ஆட்சிக்காலம் கி.பி. 1153 முதல் 1186 வரையாகும். யானையும் குதிரையும் வந்து சென்ற அத்துறைக்கே பிற்காலத்தில் வெடிமருந்தும் துவக்கும் வந்தன. போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்தது 1505 இல்; யாழ்ப்பாண அரசு அவர் கையில் இறுதியாக வீழ்ந்தது 1619 இல். துறைமேடை என்னும் பொருளுடைய அவர்தம் மொழிச் சொல்லே, ஆங்கிலேயர் நாவில் 'கேய்ட்ஸ்' என மருவி, ஊர்காவற்றுறைக்கு இரண்டாம் பெயராயிற்று.

'துவக்கு' என்னும் சொல்லையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். தமிழகத்தார் துப்பாக்கி என்பதனை ஈழத்தார் துவக்கு என்பர். சிங்களத்தில் அது துவக்குவ எனப்படும். துருக்கியரும் பாரசீகரும் வழங்கிய 'துபெக்', 'துபங்' என்னும் சொற்களின் வழிவந்தவையே இவை யாவும். பழந்தமிழில் துவக்கு என்பதற்குக் கட்டு, பிணிப்பு என்னும் பொருளும் உண்டு. அதனைக் கொண்டு, மரத்தையும் இரும்பையும் பிணித்தமையாலேயே இப்பெயர் வந்தது என்று எவரேனும் சொல்லாராய்ச்சி செய்யப் புகுவாராயின் அது பிழையாகும். இரு சொற்களும் ஒலியால் ஒன்றுபட்டமை தற்செயலே. எனினும் இத்துணைப் பொருத்தமான தற்செயல் மொழியில் அடிக்கடி நிகழ்வதன்று.

துவக்கு வந்த ஒரு நூற்றாண்டுக்குள் இலங்கைக் கொல்லர் அதனைத் தாமே செய்யக் கற்றுக்கொண்டனர். கோவாவில் இருந்த ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன், 1596 இல் வெளியிட்ட தம் நூலில், இலங்கையர் செய்யும் துவக்குக் குழல்களின் அழகையும் பளபளப்பையும் வியந்து போற்றுகின்றார். அவர் இலங்கைக்கு வந்தவரல்லர். கோவாவிற் கேட்டும் கண்டும் எழுதினார். கோவாச் சந்தை வரை அப்புகழ் எட்டியிருந்தது என்பதே இதன் பொருள். கண்டிநாட்டுத் துவக்குகளுக்குத் தனித்த உருவமும் ஏற்பட்டது. ஏனைய நாட்டார் பொறியைக் குழலின் வலப்புறத்தில் அமைக்க, இவர் இடப்புறத்தில் அமைத்தனர். கட்டையின் அடி இரண்டாகப் பிளந்தாற்போன்று செதுக்கப்பட்டு, யானைத் தந்தமும் வெள்ளியும் பதிக்கப்பட்டது.

வடக்கில் இத்தகைய தனிவடிவம் எழாமைக்குக் காரணம் கொல்லரின் திறமைக்குறைவு என்று கூறுதல் பொருந்தாது. கண்டியில் 1815 வரை ஓர் அரசன் இருந்தான். கொல்லனும் தச்சனும் சித்திரகாரனும் அவனுக்குப் பணிசெய்து நிலம் பெற்றனர். யாழ்ப்பாணத்தில் 1619 இன் பின் அரசன் இல்லை; கோட்டையும் காவற்படையுமே இருந்தன. காவற்படையின் படைக்கலம் கப்பலில் வந்திறங்கும். அரசன் உள்ள இடத்தில் துவக்குச் செய்தல் ஒரு கலையாயிற்று; காவற்படை மட்டும் உள்ள இடத்தில் அதனைத் திருத்துதலே வேலையாயிற்று. செய்தவன் தன் பெயரையோ தன் அரசன் பெயரையோ பொறித்து வைக்கலாம். திருத்துபவனோ தான் தொட்ட அடையாளமே தெரியாதவாறு திருத்துதல் வேண்டும். வடநாட்டுக் கைவினைஞர் வரலாற்றிற் காணப்படாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அக்காவற்படைகளுள் ஒன்று ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவிலுள்ள கோட்டையில் இருந்தது. போர்த்துக்கேயர் கட்டிய அக்கடற்கோட்டையை 1658 இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டனர். உள்ளிருந்தோர் பணிந்தமைக்குப் பெருங்காரணம் குடிநீர் அற்றமையே. ஒல்லாந்தர் அதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். பன்றித் தொடையிறைச்சியின் குதிப்பகுதி என்பது பொருள். தீவுகளுக்கும் அவர்கள் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்ற பெயரே நிலைத்தது.

உவர்க்காற்று நாற்புறமும் வீசும் அத்தகைய இடத்தில் மரமும் இரும்பும் சேர்ந்த எப்பொருளும் நெடுநாள் இறுக்கமாய் நில்லாது. மரம் நீளவாட்டிற் பெரிதும் மாறுவதில்லை. குறுக்குவாட்டில் ஈரத்தை ஏற்றுப் பருக்கும், உலர்ந்து சுருங்கும். கார்த்திகை மார்கழி மழையிலும் வாடையிலும் பருத்திருந்த கட்டை, வைகாசி தொடங்கி வீசும் சோளகத்தில் வற்றிவிடும். இரும்போ ஈரத்தால் பருப்பதுமில்லை, சுருங்குவதுமில்லை. எனவே மாரியில் இறுக்கிய திருகாணி கோடையில் ஆடத் தொடங்கும். அதனை மீண்டும் இறுக்கினால், அடுத்த மாரியிற் பருக்கும் மரம் திருகாணித் தலையின் கீழ் நசுங்கும். பின்வரும் கோடையில் முன்னிலும் மிகுதியாய்த் தளரும். இரும்பிற் பிடித்த துரு அதனைச் சூழ்ந்த மரநாரைக் கறுப்பித்து உளுக்கச் செய்யும். துருவைத் தடுக்கப் பூசும் எண்ணெயும் நன்மையே செய்வதென்று கருதற்க. சுவரிற் சார்த்திவைத்த துவக்கின் எண்ணெய் கீழ்நோக்கி வடிந்து, குழலின் அடி பதிந்துள்ள மரத்திலே ஊறி, அதனை மென்மையாக்கிவிடும்.

அம்மென்மையின் தீங்கு வெடி தீர்க்கும்பொழுது வெளிப்படும். குண்டு முன்னே பாய, குழல் பின்னே உதைக்கும். அவ்வுதையைத் தாங்குவது திருகாணி அன்று. குழலின் அடிப்புறம் சார்ந்து நிற்கும் மரத்தின் தோளே. தோள் முழுவதும் சமமாய்ப் படிந்திருப்பின் உதை பரந்து செல்லும். ஒரு மூலை மட்டும் படுமாயின் அம்மூலை நசுங்கும். குழலடியின் பின்னே வாலைப்போல் நீளும் இரும்புத்தகடு கட்டையின் மெல்லிய கழுத்துக்குள் ஆப்பாய் இறங்கி அதனைப் பிளக்கும்.

ஆதலின் தளர்ந்த கட்டையைத் திருத்தும் கைவல்லோன் திருகாணியை முறுக்குவதோடு நிறுத்துவதில்லை. வாய்வழி மருந்திடும் துவக்காயின், முதலில் இடிக்குங் கோலைக் குழலுள் விட்டு, அது அடிவரை இறங்குகின்றதா என்று வெளியே வைத்து அளந்து, உள்ளே மருந்தும் குண்டும் இல்லையெனத் தெளிவான். இதில் அசட்டையால் உயிரிழந்தோர் உண்டு. பின்னர் குழலைக் கழற்றி, எண்ணெய் ஊறிய மரத்தைச் சுரண்டி உலரவைப்பான். குழலின் அடிப்புறத்தில் விளக்குப் புகைக்கரியை மெல்லெனப் பூசி, அதனை மரத்திற் பதித்து எடுப்பான். கரி ஒட்டிய இடம் முட்டும் இடம். ஒட்டாத இடம் வெற்றிடம். முட்டுமிடத்தை உளியால் மயிரளவு சீவி மீண்டும் பதிப்பான். மரம் முழுவதும் ஒருசீராய்க் கறுக்கும் வரையில் இவ்வேலை நீளும். பொறுமையற்றவன் கையில் இது கெட்டுப்போம். ஒருமுறை மிகுதியாய்ச் சீவிய மரம் திரும்ப வளராது.

வெற்றிடம் பெரிதாயின் அதே சாதி மரத்தின் மெல்லிய சிம்பை, அதன் நார் ஓடும் திசையிலேயே வச்சிரம் இட்டுப் பதித்துச் சீவுதல் வேண்டும். அகன்றுபோன திருகாணித் துளையை மர முளையால் அடைத்துப் புதிதாய்த் துளைத்தல் வேண்டும். அனைத்தும் படிந்தபின், வாலின் கடைசி நுனிக்கும் மரத்துக்கும் இடையே மட்டும் ஒரு காகிதக் கனம் வெளி விடப்படும். எல்லா இடத்திலும் நெருக்கம் தேடியவன் இவ்வோரிடத்தில் இடைவெளி தேடுவதன் காரணம், வால் கழுத்தைப் பிளக்காதிருத்தலே. இந்நுட்பம் அறிந்தவன் திருத்திய துவக்கையும் அறியாதவன் திருத்தியதையும் புறத்தோற்றத்தால் வேறுபடுத்தல் இயலாது. சில வெடிகளின் பின்னரே வேற்றுமை புலப்படும்.

குழலின் முன்பகுதியைக் கட்டையோடு பிணிப்பதிலும் இருவகை மரபு உண்டு. ஆங்கிலேயர் 1795 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய காலத்தையொட்டி அவர்தம் படையிற் பரவிய 'இந்தியா மாதிரி' என்னும் துவக்கில், குழலடியில் உள்ள காதுகளினூடே மரத்திற் குறுக்காய்ச் சிற்றூசிகள் செருகப்பட்டன. ஐரோப்பியக் காலநிலைக்கு அது ஏற்றதே. மரம் பருத்துச் சுருங்கும் நாட்டில் ஊசித்துளை நீண்டு குழல் ஆடும். கீழைநாட்டு மரபிலோ, உலோகப் பூணாலும் கம்பியாலும் ஈரத்தோல் வாராலும் குழலையும் கட்டையையும் சுற்றிப் பிணித்தனர். ஈரத்தோல் உலர்ந்து சுருங்குகையில் தானே இறுகும். தளர்ந்தாற் புதுத்தோல் சுற்றலாம். காட்சிச்சாலைகளில் இவற்றைக் காண்போர் வறியோனின் ஒட்டுவேலை என்று எண்ணிச் செல்வதுண்டு. வெப்பநாட்டு மரத்தின் இயல்பறிந்த தச்சனின் தீர்ப்பு என்பதே பொருத்தமாகும்.

இனி மரத்தைப் பற்றிக் கூறுவாம். கட்டைக்கு ஐரோப்பியர் விரும்பியது அக்குரோட்டு மரம். அது ஈழத்தில் வளராது. தீவுகளில் எங்கும் நிற்கும் பனை நெடுநாராய் உறுதியுடையதாயினும், உளிக்கு வழங்காது சிலாம்பாய்ப் பிரியும். வன்னியின் பாலையும் முதிரையும் வலியன. ஆயின் கைக்குப் பாரமானவை. இலங்கையில் 1845 முதல் ஐந்தாண்டு குடியேற்றநாட்டுச் செயலாளராய் இருந்த எமேர்சன் டெனன்ட், 1859 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய பெருநூலில், ஒல்லாந்தர் நகரத் தெருக்களில் நிழலுக்காக நட்ட மரமொன்றைக் குறிப்பிட்டு, அதன் மரம் வண்டி ஏர்க்காலுக்கும் துவக்குக் கட்டைக்கும் பயன்படுவதாக எழுதியுள்ளார். அம்மரம் பூவரசு. சிங்களத்தில் அதனைச் சூரிய என்பர். 'போர்ஷியா' என அதற்கு ஆங்கிலேயர் இட்ட பெயரும் பூவரசு என்பதன் திரிபே.

டெனன்ட் கூறியது இலங்கை முழுவதற்கும் பொதுவாகக் கூறியதே. ஆயினும் தீவுப்பகுதியாருக்கு இம்மரத்தின் தகுதியை எடுத்துரைத்தல் வேண்டா. உவர்நிலத்திலும் தழைப்பது; கதியாலாய் நட்டால் வேலியாவது; குழை தோட்டத்துக்கு உரமாவது; பிள்ளைகளுக்கு அதன் இலை ஊதுகுழலாவது. அதன் வைரம் செம்பழுப்பாய், நெருங்கிய நாருடையதாய், உளிக்கு இணங்குவதாய் இருக்கும். நீரில் எளிதில் உளுக்காமையால் தோணி வேலைக்கும் உதவும். மேலும் அதன் கிளைகள் இயல்பாகவே வளைந்து வளர்வன. தோணியின் வங்குக்கு வளைந்த கிளையைத் தேடும் ஓடாவி, நேர்மரத்தை வளைவாய் வெட்டினால் நார் குறுக்கே அறுபட்டு ஒடியும் என்பதை அறிவான். துவக்குக் கட்டையின் கழுத்துக்கும் அவ்விதியே. வளைவோடு நாரும் ஓடும் கிளையிற் செய்த கட்டை, பத்து மடங்கு விலையுள்ள நேர்ப்பலகையிற் செய்ததைவிட உழைக்கும். படகுத்தொழில் அறிந்த கரையோர ஊர்களில் இவ்வறிவு தனியே கற்க வேண்டிய ஒன்றன்று.

தீவுகளில் வேட்டைக்குரிய பெருவிலங்கு இல்லை. கடனீரேரிக்கு அப்பாலுள்ள வன்னியிலேயே துவக்கு வேளாண்மைக்குக் காவலாயும் வேட்டைக்கருவியாயும் நிலைத்தது. மருந்தை வாய்வழி இட்டு இடித்து இறுக்குவதனால் அங்கு அதனை 'இடியன்' என்பர். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் படைக்கலச் சட்டம் துவக்கு வைத்திருத்தலையும் செய்தலையும் அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்தியது. சட்டத்தின் தேவையை மறுப்பாரில்லை. களவாய்ச் செய்த துவக்குகளாலும், வழியிற் கட்டிவைத்த கட்டுத்துவக்குகளாலும் மாண்டோரும் முடமானோரும் பலர். ஆயின் அதன் பின்னர் கம்மாலையில் துவக்குக் கட்டையைக் கையிலெடுப்பதே ஐயத்துக்குரிய செயலாயிற்று. திருத்துங் கலை மறைவாய் வாழ நேர்ந்த கலையாகி மெல்லத் தேய்ந்தது. மேலைநாட்டில் இன்று கரியும் உளியும் செய்த வேலையைக் கண்ணாடிநார் கலந்த பிசின் செய்கின்றது. குழலின் அடியைச் சுற்றி அதனை ஊற்றி இறுகவிட, மரத்தின் வெற்றிடம் முழுவதும் ஒருசேர நிரம்பிவிடும்.

ஒல்லாந்தர் 1765 இல் கண்டி அரண்மனையிலிருந்து கவர்ந்த லெவ்கே திசாவையின் பீரங்கி, அம்ஸ்டர்டாம் நகரின் றைக்ஸ் காட்சிச்சாலையில் நெடுங்காலம் இருந்து, 2023 ஆம் ஆண்டு மார்கழியில் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு மீண்டது. உடன் வந்த ஐந்து பொருள்களுள் 'மகா துவக்கு' எனப்படும் பெருந்துவக்குகள் இரண்டும் அடங்கும். குளிர்நாட்டில், ஈரம் அளந்து காக்கப்பட்ட மண்டபத்தில் இருந்த மரம் அது. கொழும்பின் ஈரக்காற்றை அது நேரே ஏற்குமாயின் மீண்டும் பருக்கத் தொடங்கும். அதனோடு பூட்டிய இரும்பு அசையாது. அவற்றைக் காக்கும் பொறுப்புடையோர் நாள்தோறும் நோக்கவேண்டுவது வெள்ளிப் பதிப்பின் மினுக்கத்தையன்று, பூணின் ஓரத்தில் மரம் நசுங்குகின்றதா என்பதனையே.