நட்டவர்களும் காத்தவர்களும்

தருமபுரி மண்ணில் மரம் நடுதல் புதுமையான செயல் அன்று. 1950ஆம் ஆண்டு நடுவண் அமைச்சராயிருந்த கே. எம். முன்ஷி ‘வன மகோத்சவம்’ என்னும் மரவிழாவைத் தொடங்கி வைத்தார். அதன்பின் ஆண்டுதோறும் ஜூலை முதல் வாரத்தில் பள்ளி வளாகங்களிலும் ஏரிக்கரைகளிலும் சாலையோரங்களிலும் கன்றுகள் நடுவது நாடெங்கும் வழக்கமாயிற்று. நட்டவை அனைத்தும் நிலைத்திருந்தால் நம் சாலைகளில் வெயில் இறங்க இடம் இருந்திராது. ஆனால் சென்ற ஆண்டு தோண்டிய குழியையே இவ்வாண்டும் தோண்டுவதைத்தான் பல ஊர்களில் காண்கிறோம். இளைஞர்களும் பெண்களும் தாமாகவே குழுவாய்ச் சேர்ந்து நாட்டு மரங்களை வளர்க்க முன்வரும் இந்நாளில், நட்டது ஏன் நிலைக்கவில்லை என்று வரலாற்றினிடம் கேட்டறிவது பயனுடையதாகும்.

நம்முடையது வானம் பார்த்த பூமி. ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழையே இங்குக் கிடைக்கிறது. அதுவும் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. இந்த வறட்சியோடு வாழப் பழகிய மரங்களையே நாட்டு மரங்கள் என்கிறோம். காவிரிக் கரையில் நீர்மருது, குன்றுச் சரிவுகளில் உசிலையும் வேங்கையும், மேட்டு நிலங்களில் வெள்வேலும் புரசும், ஊர்ப்புறங்களில் வேம்பும் புங்கமும் இலுப்பையும் என்று ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய இடம் உண்டு. உசிலை இலையை அரைத்துத் தலைக்குத் தேய்த்தார்கள். இலுப்பை எண்ணெயில் விளக்கேற்றினார்கள். புங்கந்தழையை வயலுக்கு எருவாக்கினார்கள். பயன் இருந்ததால் பரிவும் இருந்தது; பரிவு இருந்ததால் காவலும் இருந்தது.

அந்த உறவில் விரிசல் விழுந்த காலத்தை நாம் அறிவோம். 1882இல் இயற்றப்பட்ட சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடுகள் என வரையறுத்து அரசின் உடைமையாக்கியது. விறகுக்கும் தழைக்கும் மேய்ச்சலுக்கும் காட்டை நம்பியிருந்தவர்கள், ஒரே சட்டத்தினால் அத்துமீறுவோர் ஆனார்கள். சந்தன மரத்தின் கதை இன்னும் விந்தையானது. தன் சொந்த நிலத்தில் தானாக முளைத்த சந்தனமும் உழவனுக்கு உரியதன்று என்னும் நிலை நெடுங்காலம் நீடித்தது. 2002ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்குப் பின்னரே நில உடைமையாளருக்கு அதில் உரிமை கிட்டியது. மரம் வளர்ந்தால் வழக்கு வரும் என்று அஞ்சும் உழவன் கன்றைக் காப்பானா, கிள்ளி எறிவானா?

இப்பிளவின் கொடிய முகத்தை அரூர் வட்டத்து வாச்சாத்தி கண்டது. 1992 ஜூன் 20 அன்று, பதுக்கி வைத்த சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்தவர்கள் அப்பழங்குடியினரின் ஊருக்குள் நுழைந்தனர். வீடுகள் நொறுக்கப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாயினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளே என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. மரத்தைக் காப்பதாகச் சொல்லி மனிதரை மிதித்த இந்நிகழ்வை மறந்துவிட்டு, இம்மாவட்டத்தில் மரங்களைப் பற்றிப் பேசுதல் முறையாகாது. மலையடிவார மக்களிடம் கன்றோடு செல்லும் எந்தக் குழுவும் இந்நினைவின் மீதுதான் நடந்து செல்கிறது.

அரசும் பாடம் கற்காமலில்லை. 1981இல் சுவீடன் நாட்டு உதவியுடன் தமிழகத்தில் சமூகக் காடுகள் திட்டம் தொடங்கிற்று; ஏரிகளின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் கருவேலம் பெருமளவில் வளர்க்கப்பட்டது. 1997இல் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில், ஊர் மக்களைக் கொண்டே கிராம வனக் குழுக்கள் அமைக்கப்பட்டன. மக்கள் இன்றிக் காடு இல்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டது எனலாம். ஆயினும் திட்டத்திற்கு முடிவாண்டு உண்டு. மரத்திற்கு அது இல்லை. நிதி நின்ற பிறகு கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்னும் கேள்வி எஞ்சி நின்றது.

அக்கேள்விக்குத் தன்னார்வக் குழுக்கள் தந்த விடையைக் காண நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. அண்டை மாவட்டத்துத் திருவண்ணாமலையில், மேய்ச்சலாலும் விறகு வெட்டாலும் தீயாலும் மொட்டையாகிக் கிடந்த மலையைப் பசுமையாக்க 1988இல் அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டி தோன்றியது. அப்பணியைப் பின்னர் ‘ஃபாரஸ்ட் வே’ என்னும் அறக்கட்டளை முன்னெடுத்தது. விதை சேகரித்து, நாற்றங்காலில் வளர்த்து, மழைக்காலத்தில் நடுவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. கோடை நெருங்குமுன் காய்ந்த புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடுகள் அமைத்தார்கள். மலையில் தீ தெரிந்தால் ஏறிச்சென்று அணைத்தார்கள். பல ஆண்டு உழைப்பை ஒரு பிற்பகலில் தீ உண்டுவிடும் என்பதை உணர்ந்தவர்களின் வழி அது. 1968இல் புதுவைக்கு அருகே அரிப்புண்ட செம்மண் மேட்டில் எழுந்த ஆரோவில் நகரினரும் இத்தகைய பாதையில் நடந்தவர்களே. அவர்கள் முதலில் வரப்புகள் எழுப்பி மழைநீரைத் தேக்கினர். விரைந்து வளரும் அயல் மரங்களையும் வைத்தனர். பின்னர் அப்பகுதிக்கே உரிய மரங்களைத் தேடிச் சென்றனர். ஊர் மக்கள் தெய்வத்திற்கு அஞ்சிக் கோடரி படாமல் விட்டுவைத்த கோயில்காடுகளில் அம்மரங்கள் நின்றன. பெயரறியா முன்னோர் காத்தமையாலேயே பின்வந்தோர் நட முடிந்தது.

இக்குழுக்களின் நடைமுறை நமக்கும் பொருந்தும். முதல் வேலை விதை. வேப்பங்கொட்டையும் நாவற்கொட்டையும் சில வாரங்களில் முளைக்கும் திறனை இழந்துவிடும். உதிர்ந்தவுடன் பொறுக்கி விதைக்க ஆள் வேண்டும். எந்த மரம் எப்போது காய்க்கும் என்பதைப் படித்தவரைவிட ஆடு மேய்ப்பவர் நன்கறிவார். அவரைக் குழுவில் சேர்த்தால் விதையும் கிட்டும், வேலியும் கிட்டும்; சேர்க்காவிட்டால் ஆடு வந்து சேரும். அடுத்தது நாற்றங்கால். பையிலேயே நெடுநாள் விட்ட கன்றின் வேர் சுருண்டுகொள்ளும். நட்டபின்னும் அச்சுருள் எளிதில் நிமிர்வதில்லை. மழை தொடங்கிய பின் குழி தோண்டத் தொடங்கினால் பாதி மழை வீணாகும். ஆதலால் குழி முன்னரே ஆயத்தமாக இருத்தல் வேண்டும். நட்டபின் தூரைச் சுற்றிச் சருகால் மூடாக்கும், வெளியே முள்வேலியும் தேவை. நடும் நாளில் நூறு பேர் வருவர். பங்குனி வெயிலில் குடம் தூக்க நால்வர் வந்தால் பெரிது. அந்த நால்வரே குழு. அவர்கள் சோர்ந்துவிடாமல் முறை வைத்து வேலையைப் பகிர்வதே குழுவை நடத்துவோரின் முதற்கடமை.

எதைக் கணக்கிடுகிறோம் என்பதும் முக்கியம். 2006 அக்டோபர் 17 அன்று தமிழகமெங்கும் ஒரே நாளில் ஏறத்தாழ எட்டரை லட்சம் கன்றுகள் நடப்பெற்று, அது கின்னஸ் சாதனையாயிற்று. அத்தகைய பெருநாள்கள் மக்களிடையே ஆர்வத்தை மூட்டுகின்றன. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கென்யா நாட்டில் 1977இல் வங்காரி மாத்தாய் தொடங்கிய பசுமை வளைய இயக்கம் வேறொரு கணக்கை வைத்திருந்தது. நாற்று வளர்த்த நாட்டுப்புறப் பெண்களுக்கு அவ்வியக்கம் சிறுதொகை அளித்தது. நட்ட கன்றுக்காக அன்று, பிழைத்த கன்றுக்காக. பட்டம் பெறாத அப்பெண்கள் கோடிக்கணக்கில் மரங்களை நிலைநாட்டினர். 2004இல் மாத்தாய்க்கு அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நம் குழுக்களும் தம் பதிவேட்டில் நட்ட நாளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், இரண்டாம் கோடை கடந்தபின் எஞ்சிய எண்ணிக்கையையும் எழுதுதல் நலம். முதல் எண்ணைவிட அது சிறியதாகவே இருக்கும். ஆயினும் அடுத்த ஆண்டு எந்த மரத்தை எங்கே வைக்கலாம் என்பதை அதுவே சொல்லும்.

தொடக்கநூலின் தோட்டத்தில் மனிதனுக்கு இரு பணிகள் தரப்பட்டன: பண்படுத்துதலும் காத்தலும். முன்னதற்கு விழா எடுக்கிறோம். பின்னதற்கு விழா இல்லை.

இம்மாவட்டத்தின் துயரத்திற்குக் காரணமாய் நின்ற சந்தன மரத்திடமே ஒரு செய்தி உண்டு. அது தனியே வாழ இயலாதது. தன் வேரை அண்டை மரங்களின், செடிகளின் வேரோடு பொருத்தி, தனக்கு வேண்டிய நீரையும் உணவுச் சத்துகளையும் அவற்றிடமிருந்து ஓரளவு பெற்றே வளர்கிறது. பக்கத்தில் துணைச்செடி இல்லாத சந்தனக் கன்று மெல்ல வாடிப்போகும். வேலி போட்டுத் தனித்துக் காக்க முனைந்தோர் கவனியாத உண்மை இது. சந்தனம் வளர்ப்பவர் முதலில் அதன் அண்டையில் வளர வேண்டியதை வளர்க்கிறார். மலையடிவாரத்திற்குக் கன்றோடு செல்லும் குழுவும் முதலில் அவ்வூரில் உட்கார்ந்து, அம்மக்கள் எந்த மரத்தை விரும்புகிறார்கள், அதன் நிழலும் காயும் யாருக்கு உரியவை ஆகும் என்று கேட்டறியட்டும். குழியைப் பிறகு தோண்டலாம்.