சட்டமும் வதிவிடமும்: சான் பிரான்சிஸ்கோ முதியோரின் போராட்டம்

1977 ஆகஸ்ட் 4ஆந் திகதி விடியுமுன், சான் பிரான்சிஸ்கோ நகரின் கேர்ணி வீதியிலிருந்த இன்ரநாஷனல் ஹொட்டேலிலிருந்து ஏறத்தாழ ஐம்பது வாடகைக் குடியாளர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலோர் பிலிப்பீன், சீன முதியவர்கள். நீதிமன்றம் இதனைக் கட்டட உடைமை பற்றிய வழக்காகவே நோக்கியது. ஆயின், அம்முதியவர்கள் ஒற்றையறைகளில் தனித்து வாழ நேர்ந்தமைக்கும் சட்டமே பெருங்காரணம் என்பதை வரலாறு காட்டுகின்றது.

பிலிப்பீன் தீவுகள் ஐக்கிய அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்டிருந்த 1920களில், இளைஞர் பலர் கலிபோர்ணியாவின் பண்ணைகளுக்கும் அலாஸ்காவின் மீன் பதனிடு சாலைகளுக்கும் கூலிகளாக வந்தனர். அவர்களுடன் வந்த பெண்கள் மிகச் சிலரே. வெள்ளையரை அவர்கள் மணப்பதைக் கலிபோர்ணியா 1933இல் தடைசெய்தது. 1934ஆம் ஆண்டுச் சட்டம் பிலிப்பீனியர் குடிவரவை ஆண்டுக்கு ஐம்பது பேராகக் குறைத்தது. திருமணத் தடை 1948இல் நீதிமன்றத் தீர்ப்பால் நீங்கியபோது பலரது இளமை கழிந்துவிட்டது. குடும்பமற்றோருக்கு அயலறையினரே உறவினராயினர்.

வர்த்தக நிலையங்கள் பெருக, கேர்ணி வீதியின் நிலமதிப்பு உயர்ந்தது. வாகனத் தரிப்பிடம் அமைக்கும் நோக்குடன் 1968இல் உரிமையாளர் வெளியேற்ற அறிவித்தல் விடுத்தனர். 1969இல் மூண்ட தீயில் மூவர் மாண்டனர். எனினும் குடியாளர் கலையவில்லை. பல்கலைக்கழக மாணவர் திரண்டு வந்து அறைகளைச் செப்பனிட்டனர். எமில் டி குஸ்மான் முதலியோர் வழிநடத்திய குடியாளர் சங்கம், ஒன்றாக வாழும் உரிமையையே முதன்மையாகக் கோரியது. முதியவர்களைப் பிரித்து வெவ்வேறிடங்களிற் குடியேற்றினால், கூரை கிடைப்பினும் சமூகம் அழிந்துவிடும் என்பதே அதன் வாதம். நகர வீடமைப்பு அதிகாரசபை கட்டடத்தைச் சுவீகரிக்க முயன்றது. நீதிமன்றம் அதற்கு இடமளிக்கவில்லை.

வெளியேற்றக் கட்டளையை நிறைவேற்ற மறுத்த ஷெரிப் றிச்சர்ட் ஹொங்கிஸ்ரோ 1977இல் ஐந்து நாட் சிறையிருந்தார். அவரே ஆகஸ்டில் சம்மட்டி கொண்டு கதவுகளைத் தகர்த்தார். தனிமனிதரின் மனச்சாட்சி, சட்டம் மாறாதவிடத்து எவ்வளவு தூரம் துணைநிற்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. கட்டடத்தைச் சூழ்ந்து கைகோத்து நின்ற ஏறத்தாழ மூவாயிரம் பேராலும் வெளியேற்றத்தைத் தடுக்க இயலவில்லை.

கட்டடம் இடிக்கப்பட்டு, நிலம் நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்தது. தொடர்ந்த கிளர்ச்சியின் பயனாக 2005இல் அதேயிடத்தில் வருமானங்குறைந்த முதியோருக்கென 104 வதிவிடங்கள் எழுந்தன. வெளியேற்றப்பட்டோரிற் பெரும்பாலோர் அதற்குள் மறைந்துவிட்டனர். அவர்களது கோரிக்கையின் நியாயம் ஏற்கப்பட்டது. அவர்கள் கட்டிய சமூகமோ மீளவில்லை. வீட்டுரிமைச் சட்டங்களை ஆராய்வோர், வாடகையையும் உறுதிப் பத்திரத்தையும் மட்டுமன்றி, ஒரு மனிதர் அவ்வீட்டிற்கு வந்துசேர்ந்த வரலாற்றையும் கணக்கிலெடுத்தல் வேண்டும்.