மீகாமனைத் தேடி

1947இல் கோன்-டிக்கி தெப்பத்துக்கு ஆள் சேர்த்த தோர் ஹெயர்தால், தேர்ந்த மாலுமிகளை வேண்டுமென்றே தவிர்த்தார். பெருவிலிருந்து காற்றும் நீரோட்டமுமே தெப்பத்தைப் பொலினீசியத் தீவுகளுக்குக் கொண்டு சேர்க்கும் என்பது அவர் கட்சி. மாலுமிகளோடு போனால் வெற்றியை அவர்கள் திறமையின் கணக்கில் எழுதிவிடுவார்கள். உடன் சென்ற ஐவரில் எரிக் ஹெஸ்ஸல்பெர்க் ஒருவருக்கே கடலனுபவம் இருந்தது. 101 நாட்களில் தெப்பம் ராரோயா பவளத்திட்டில் மோதி நின்றது. பயணம் வென்றது, கோட்பாடு நிற்கவில்லை. பொலினீசியரின் மூதாதையர் மேற்கிலிருந்து, ஆசியப் பக்கமிருந்து வந்தவர்கள் என்றே மொழியும் தொல்லியலும் மரபணுவும் காட்டுகின்றன.

மேற்கிலிருந்து என்றால் எதிர்க்காற்றில். அங்கே மிதந்து போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் 1956இல் ஆண்ட்ரூ ஷார்ப் என்ற நியூசிலாந்து வரலாற்றாசிரியர், தொலைதூரத் தீவுகளில் மக்கள் குடியேறியது திசை தப்பிய விபத்துகளால்தான் என்று எழுதினார். திட்டமிட்டுக் கடல் கடந்தவர்கள் என்ற பெருமை அந்த மக்களிடமிருந்து பறிபோயிற்று.

இதற்கு ஏட்டில் மறுப்பெழுதிப் பயனில்லை, கடலில்தான் எழுத வேண்டும் என்று மானுடவியலாளர் பென் ஃபின்னியும் ஓவியர் ஹெர்ப் கானேயும் டாமி ஹோம்ஸும் 1973இல் ஹவாயில் ஒரு சங்கம் தொடங்கினர். 1975இல் ‘ஹோக்குலெயா’ என்ற இரட்டைத் தோணி நீரில் இறங்கியது. ஹவாயின் உச்சிவானில் கடந்து செல்லும் விண்மீனின் பெயர் அது, நம் சுவாதிதான்.

தோணிக்கு ஆட்கள் கிடைத்தார்கள். அலைச்சறுக்கில் தேர்ந்தவர்கள், கடற்கரை உயிர்காப்பாளர்கள் என நீரிலேயே வளர்ந்த ஹவாய் இளைஞர்கள் வந்தனர். ஹவாய் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கவிகா கபாஹுலெஹுவா தலைவரானார். குறைந்தது ஒரே ஒருவர்: கருவியின்றி வழி சொல்லும் மீகாமன். ஹவாயில் அப்படி ஒருவர்கூட மிஞ்சியிருக்கவில்லை. தம் முன்னோரின் பெருமையை மீட்கப் புறப்பட்டவர்கள் வேற்றினத்தார் ஒருவரை நாட வேண்டியிருந்தது.

மைக்ரோனீசியாவில், சில நூறு பேரே வாழும் சதவால் தீவின் மவு பியாய்லுக் அவர். பாட்டனார் மடியில் தொடங்கிய கல்வி. விண்மீன் உதிக்கும் இடமும் அலையின் தாளமும்தான் பாடம். எனினும் ஹவாயிலிருந்து தஹிதிக்கு அவர் போனதில்லை. நடுக்கோட்டைக் கடந்தால் துருவ நட்சத்திரமும் மறைந்துவிடும்.

1976 மே 1 அன்று மவுயித் தீவிலிருந்து புறப்பட்டார்கள். கூடவே ஒரு நாய், ஒரு பன்றி, சேவலும் கோழியும். கரையின் சச்சரவுகளைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும் என்று மவு முன்பே சொல்லியிருந்தார். யாரும் விடவில்லை. நடுக்கோட்டருகே காற்று ஓய்ந்தது. இது வெள்ளைக்காரப் படிப்பாளிகளின் திட்டம் என்று சில ஹவாய்க்காரர்கள் கொண்டிருந்த கசப்பு ஓயவில்லை. தஹிதியை நெருங்கும்போது கைகலப்பே நடந்தது. ஜூன் 4 அன்று பப்பேத்தேயில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு வரவேற்றார்கள். மவுவோ மனம் வெறுத்துத் தம் தீவுக்குப் போய்விட்டார். திரும்பும் வழியில் தோணி கருவிகளின் துணையோடுதான் வந்தது. வரலாற்றை மெய்ப்பித்த குழு அவரைத் தன்னிடம் தக்கவைத்துக்கொள்ளவில்லை. இந்த முரண்தான் என்னை வெகுநாள் உறுத்தியது.

1978 மார்ச்சில் மவு இல்லாமலே மீண்டும் கிளம்பினார்கள். தோணி கவிழ்ந்தது. உதவி தேடி அலைச்சறுக்குப் பலகையில் துடுப்பிட்டுச் சென்ற எடி ஐகாவ் திரும்பவேயில்லை.

அதன் பிறகுதான் நைனோவா தாம்சன் என்ற இளைஞர் மவுவைத் தேடிப்போய்க் கற்றுத்தரக் கேட்டார். தலைமுறை மரபில் காக்கப்பட்ட கல்வியை அயலாருக்குத் தருவது எளிய முடிவன்று. ஆனால் தம் தீவின் இளைஞர்களே அதைக் கைவிட்டுக்கொண்டிருந்ததை மவு கண்டிருந்தார். ஒப்புக்கொண்டார்.

1980இல் தஹிதிக்கு வழிசெலுத்தியவர் நைனோவா. மவு உடனிருந்தார், பெரும்பாலும் பேசாமல். கரை நெருங்கிய ஒரு காலையில் ஒரு கடற்பறவை தென்பட்டது. காலையில் பறவை இரைதேடிக் கடலுக்குத்தானே போகும். எனவே தீவு அதற்கு எதிர்த்திசையில் என்று நைனோவா தோணியைத் திருப்பினார். அப்போது மவு குறுக்கிட்டு, பறவையைப் பின்தொடரச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தீவு தெரிந்தது. அது குஞ்சு பொரித்திருக்கும் பருவம், பறவையின் அலகில் ஒரு சிறு மீன் இருந்தது என்று பிறகுதான் விளக்கினார்.