ஸ்டெண்டெக் முதல் திருச்சி வரை: விமானங்களின் இறுதி வானொலிச் செய்திகளை வாசிக்கும் முறை

2018 அக்டோபர் 12 அதிகாலை ஏறத்தாழ 1.20 மணிக்குத் திருச்சிராப்பள்ளி பன்னாட்டு விமான நிலையத்திலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 611, ஓடுதளத்தின் முனையை எட்டியும் போதிய உயரம் பெறவில்லை. தரையிறங்கும் விமானங்களுக்கு வழிகாட்டும் ஆன்டெனாக்களையும், அவற்றுக்கு அப்பால் இருந்த நிலையத்தின் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு மேலெழுந்தது. மோதல் நடந்திருக்கக்கூடும் என்று தரையிலிருந்தவர்கள் விமானிக்குத் தெரிவித்தனர். கருவிகள் அனைத்தும் இயல்பாக இயங்குவதாக மறுமொழி வந்தது. 130 பயணிகளும் 6 பணியாளர்களும் இருந்த அந்த போயிங் 737, வயிற்றுப்பகுதித் தகடு கிழிந்த நிலையிலேயே அரபிக் கடலின் மேல் பறந்தது. சுவர் உடைந்திருப்பது உறுதியான பிறகு திருப்பப்பட்டு, சுமார் நான்கு மணி நேரப் பறப்புக்குப் பின் மும்பையில் இறங்கியது. எவருக்கும் காயமில்லை.

விசாரணை கண்ட காரணம் எளியது. ஓடுதளத்தில் விரைந்துகொண்டிருந்தபோது தலைமை விமானியின் இருக்கையின் முதுகுப்பகுதி திடீரெனப் பின்னால் சாய்ந்தது. அந்தக் குழப்பத்தில் எந்திரங்களின் விசை குறைந்தது. அதை இருவருமே கவனிக்கவில்லை. எனவே 'எல்லாம் இயல்பு' என்ற சொல்லில் பொய் இல்லை. விமானிக்கு முன்னால் இருந்த கருவிகள் காட்டியதையே அவர் சொன்னார். கிழிந்த தகட்டைக் காட்டும் முள் எதுவும் விமானி அறையில் இல்லை.

அந்த விமானம் கடலில் விழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதே இக்கட்டுரைக்குரிய கேள்வி. 'எல்லாம் இயல்பு' என்பது உலகின் புகழ்பெற்ற மர்மச் செய்திகளுள் ஒன்றாகியிருக்கும். கடத்தல்காரன் துப்பாக்கி முனையில் சொல்ல வைத்தான் என்றும், விமானி எதையோ மறைத்தார் என்றும் கோட்பாடுகள் கிளம்பியிருக்கும். விமானம் திரும்பி வந்ததால் மட்டுமே அச்சொல் மர்மமாகவில்லை. இறுதிச் செய்தி பற்றிய கோட்பாடுகளில் பெரும்பாலானவை செய்தியின் விளங்காத பகுதியைத் துருவுகின்றன. விபத்தின் காரணமோ பெரும்பாலும் விளங்கிய பகுதியிலேயே, எவரும் ஐயுறாத சாதாரணத் தொடரிலேயே இருக்கிறது. இதற்கு மிகச் சிறந்த சான்று, இத்துறையில் மிகுதியாக விவாதிக்கப்பட்ட 1947ஆம் ஆண்டுச் செய்திதான்.

1947 ஆகஸ்ட் 2 அன்று பிரிட்டிஷ் சவுத் அமெரிக்கன் ஏர்வேஸ் நிறுவனத்தின் 'ஸ்டார் டஸ்ட்' என்ற லாங்காஸ்ட்ரியன் வகை விமானம், அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸிலிருந்து ஆண்டீஸ் மலைத்தொடரைக் கடந்து சிலியின் சாண்டியாகோவுக்குச் சென்றது. பணியாளர் ஐவர், பயணிகள் அறுவர். மாலை 5.41க்கு சாண்டியாகோ நிலையம் மோர்ஸ் குறிகளில் ஒரு செய்தியைப் பெற்றது: 5.45க்கு வந்து சேர்வோம் என்பதும், அதன் முடிவில் 'ஸ்டெண்டெக்' (STENDEC) என்ற ஏழெழுத்துச் சொல்லும். சொல் புரியாத சிலி வானொலி இயக்குநர் மீண்டும் கேட்டார். அதே சொல் விரைவாக இருமுறை வந்தது. அதன் பிறகு ஒலியே இல்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக விமானத்தின் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

அந்த வெற்றிடத்தில் கோட்பாடுகள் பெருகின. 'இறக்கம்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகள் இடம்மாறியதே அது என்றும், உயரத்தில் ஆக்சிஜன் குறைந்து விமானத்தின் வானொலி இயக்குநரின் சிந்தை தடுமாறியதன் விளைவு என்றும் சிலர் கூறினர். ஒவ்வோர் எழுத்தையும் ஒரு சொல்லின் முதலெழுத்தாகக் கொண்டு நீண்ட அபாய அறிவிப்பை உருவாக்கினர் வேறு சிலர். பயணிகளுள் பிரிட்டிஷ் அரசின் தூதஞ்சல் கொண்டுசென்ற ஒருவர் இருந்ததால் நாசவேலை என்ற பேச்சும் எழுந்தது. பறக்கும் தட்டு ஆர்வலர்களும் அச்சொல்லைத் தமதாக்கிக்கொண்டனர். முதலெழுத்து விளக்கம் நிற்காது. மலையில் மோதும் ஆபத்தில் இருப்பவர் வருகை நேரத்தை அமைதியாக அறிவித்துவிட்டு, அபாயத்தை எவருக்கும் புரியாத சுருக்கத்தில் மும்முறை சொல்லமாட்டார். ஆக்சிஜன் குறைவால் தடுமாறிய கை, அதே ஏழெழுத்தை மூன்று முறையும் பிழையின்றி அடிக்கும் என்பதும் நம்பத்தக்கதல்ல.

மோர்ஸ் குறிகளையே அருகிலிருந்து பார்ப்பது பயன்தரும். ஸ்டெண்டெக்கின் முதல் ஐந்து எழுத்துகள் இவ்வாறு அடிக்கப்படும்:

· · · / – / · / – · / – · ·

சாண்டியாகோவின் லாஸ் செரில்லோஸ் விமான நிலையத்துக்கு வழங்கிய நான்கெழுத்துக் குறியீடு இவ்வாறு அமையும்:

· · · / – · – · / – / · ·

இடைவெளிகளை நீக்கினால் இரண்டும் ஒன்றே; பத்துக் குறிகளும் வரிசை மாறாமல் பொருந்துகின்றன. எஞ்சிய இரண்டு எழுத்துகளான · / – · – · என்பதைச் சேர்த்து அடித்தால், செய்தி முடிந்தது என்பதற்கான வழக்கமான குறியாகிய · – · – · கிடைக்கிறது. எழுத்துகளுக்கு இடையே கை நிற்கும் கணநேரமே வேறுபாடு. வேகமாக அடிக்கும் கை அந்த இடைவெளியை விழுங்கிவிடும். ஆகவே 'லாஸ் செரில்லோஸ், முடிந்தது' என்று சொல்லப்பட்டது 'ஸ்டெண்டெக்' எனக் கேட்கப்பட்டிருக்கலாம். தன் நிலையத்தின் குறியீட்டையே இயக்குநர் மூன்று முறையும் அடையாளம் காணவில்லையா என்ற மறுப்பு வலுவானது; அதை ஒதுக்க முடியாது. ஆயினும் முன்வைக்கப்பட்டவற்றுள் கூடுதலாக எதையும் கற்பிக்க வேண்டாத விளக்கம் இதுவே.

எந்த விளக்கத்தை ஏற்றாலும் விபத்தின் காரணம் மாறுவதில்லை. 1998இல் டுபுங்காட்டோ மலையின் பனியாற்று முகப்பில் மலையேறிகள் விமான எந்திரத்தையும் உடைந்த பாகங்களையும் கண்டனர். 2000இல் அர்ஜென்டினா ராணுவக் குழு அங்கே சென்று ஆய்ந்தது. மோதும் கணம் வரை எந்திரங்கள் இயல்பாக இயங்கியிருந்தன. குண்டு வெடித்த தடயம் இல்லை. கட்டுப்பாட்டில் இருந்த விமானம் மேகத்துக்குள் நேராக மலையில் மோதியிருந்தது. சரிந்த பனி அதை மூடியது. பனியாறு மெல்ல நகர்ந்து, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் கீழே கொண்டுவந்து சேர்த்தது.

செய்தியில் விளங்கிய பகுதியான '5.45க்கு வருகை' என்பதை அந்த ஐம்பது ஆண்டுகளில் வரைபடத்தோடு ஒப்பிட்டவர் அரிது. நான்கு நிமிடத்தில் இறங்கிவிடுவோம் என்று விமானம் சொன்னபோது, அது சாண்டியாகோவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், மலைத்தொடரின் கிழக்குப் பக்கத்திலேயே இருந்தது. உயரே எதிர்த்து வீசிய ஜெட் ஸ்ட்ரீம் எனும் கடுங்காற்று அன்றைய பயணிகள் விமானத் துறைக்கு அநேகமாக அறிமுகமில்லாதது. வேகத்தை நேரத்தால் பெருக்கி இடத்தைக் கணித்தவர்கள் காற்று பின்னிழுத்த தொலைவை அறியவில்லை. மலையைத் தாண்டிவிட்டோம் என நம்பி இறங்கத் தொடங்கினர். அந்த நம்பிக்கையின் அளவை நிமிடக் கணக்கில் பதிவு செய்திருப்பது வருகை நேரமே.

இதே பிழையின் இந்திய வடிவம் 1966 ஜனவரி 24 அன்று நடந்தது. ஏர் இந்தியாவின் 'கஞ்சன்ஜங்கா' என்ற போயிங் 707, பம்பாயிலிருந்து டெல்லி, பெய்ரூட் வழியாக ஜெனீவாவுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. 117 பேர் இருந்தனர். அணு அறிவியலாளர் ஹோமி பாபா அவர்களுள் ஒருவர். வழிகாட்டும் கருவிகளில் ஒன்று பழுதான நிலையிலேயே விமானம் பெய்ரூட்டிலிருந்து கிளம்பியிருந்தது. 19,000 அடி உயரத்தில், மாண்ட் பிளாங் சிகரத்தை ஒட்டிக் கடந்துகொண்டிருப்பதாக விமானி அறிவித்தார். ரேடார் திரையைப் பார்த்த ஜெனீவாக் கட்டுப்பாட்டாளர் அது தவறு எனக் கண்டு, மாண்ட் பிளாங்குக்கு ஐந்து மைல் உள்ளது என்று திருத்தினார். புரிந்தது என்ற பதில் வந்தது. விமானம் தொடர்ந்து இறங்கிச் சிகரத்துக்குச் சற்றுக் கீழே மோதியது. எவரும் பிழைக்கவில்லை.

பாபா அகில இந்திய வானொலியில் 1965 அக்டோபரில் இந்தியா பதினெட்டு மாதங்களில் அணுகுண்டு செய்ய முடியும் என்ற கருத்தை வெளியிட்டிருந்தார். விபத்துக்கு இரண்டு வாரத்துக்கும் குறைவான காலத்துக்கு முன்புதான் தாஷ்கண்டில் லால் பகதூர் சாஸ்திரி இறந்தார். நாடு துயரில் இருந்த வேளையில் அமெரிக்க உளவுத்துறைமீது ஐயம் எழுந்தது வியப்பல்ல. விமானத்தில் குண்டு வைக்கப்பட்டதை ஓர் ஓய்வுபெற்ற உளவு அதிகாரி ஒப்புக்கொண்டதாகப் பின்னாளில் வெளியான உரையாடல் நூலொன்று அதற்குத் தூபமிட்டது. அந்த நூலுக்கு வெளியே சான்று இல்லை. பிரெஞ்சு விசாரணை 1967இல் தந்த முடிவோ முழுக்க வானொலிப் பதிவின்மேல் நிற்கிறது: விமானி தம் இடத்தைத் தவறாகக் கணித்தார், கட்டுப்பாட்டாளர் சரியான இடத்தை அறிந்தும் போதிய துல்லியமற்ற சொற்களில் சொன்னார், விமானி அதைத் தம் நம்பிக்கைக்கு ஏற்பவே புரிந்துகொண்டார். 'ஐந்து மைல்' என்றது இன்னும் முன்னால் ஐந்து மைலா, பக்கவாட்டில் ஐந்து மைலா என்று இருவரில் எவரும் கேட்கவில்லை. குண்டுக் கோட்பாடு இந்த உரையாடலுக்கு விளக்கம் தருவதில்லை. சிகரத்தை நோக்கி விமானம் ஏன் முன்னதாகவே இறங்கியது என்பதற்கு உரையாடலே விடையாக இருக்கையில், கூடுதல் சதியொன்று அங்கே செய்வதற்கு வேலை இல்லை.

ஸ்டார் டஸ்டுக்கும் கஞ்சன்ஜங்காவுக்கும் இல்லாமற்போனது கணிப்பைச் சாராத தனி அடையாளம். 1930களின் பிற்பகுதியில் டாடா விமான அஞ்சல் சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்புக்குச் சென்றது. தெளிந்த பகலில் அவ்வழிப் பறந்தவருக்கு இடம் பற்றிய ஐயம் எழ வாய்ப்பே இல்லை. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவதும், இரண்டுக்கும் நடுவே ஸ்ரீரங்கம் தீவாகக் கிடப்பதும், தென்கரையில் மலைக்கோட்டை தனித்து நிற்பதும் வேறெங்கும் காண முடியாத அமைப்பு. 1987இல் குடமுழுக்குக் கண்ட 236 அடி உயர ராஜகோபுரம் அதற்கு இன்னோர் அடையாளம் சேர்த்தது. இவற்றைக் கண்ணால் கண்டவர் கணக்குப் பிழையை அக்கணமே திருத்திக்கொள்வார். மேகம் மூடிய ஆண்டீஸில் அப்படியொரு திருத்தம் கிடைக்கவில்லை. ஜெனீவாவில் கிடைத்த திருத்தம் சொல்லிலேயே சிதைந்தது. திருச்சியில் 2018இல் தரையிலிருந்தவர்கள் சொன்னது சரியாகவே போய்ச் சேர்ந்தது; ஆனால் விமானி தம் கருவிகளையே கூடுதலாக நம்பினார்.

இறுதிச் செய்தியின் சொற்கள் உண்மையில் சொல்லப்பட்டவைதாமா என்பது முதலில் சரிபார்க்க வேண்டியது. 2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் மறைந்த மலேசிய விமானம் 370இன் கடைசிச் சொல் 'சரி, நல்லிரவு' எனத் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. அந்தச் சொல்லின் சாவகாசமான தொனியிலிருந்து விமானியின் மனநிலை பற்றி எத்தனையோ கட்டுரைகள் பிறந்தன. மாத இறுதியில் வெளியான திருத்தத்தின்படி, உண்மையில் சொல்லப்பட்டது 'நல்லிரவு' என்பதோடு விமான எண்ணும் சேர்ந்த வழக்கமான விடைபெறும் தொடரே. சொல்லப்படாத சொல்லின்மேல் எழுப்பப்பட்ட உளவியல் அத்துடன் சரிந்திருக்க வேண்டும், சரியவில்லை.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் 260 உயிர்களைப் பலிகொண்ட ஏர் இந்தியா 171 விபத்திலும் இது நிகழ்ந்தது. உந்துவிசை இல்லை, விழுகிறோம் என்றெல்லாம் விமானி கதறியதாகப் பல செய்திகள் பரவின. ஜூலை 12 அன்று வெளியான முதற்கட்ட அறிக்கை, பிற்பகல் 1.39.05க்கு 'மேடே' என்ற அபாய அழைப்பு மட்டுமே வந்ததாகப் பதிவு செய்கிறது. கட்டுப்பாட்டாளர் விமானத்தின் அழைப்புப் பெயரைக் கேட்டார், பதில் இல்லை. ஆறு வினாடிகளில் பதிவுக் கருவியும் நின்றது. விரிவான வாக்கியங்களுக்கு அந்த ஆறு வினாடியில் இடமில்லை என்பதைக் காலவரிசையே காட்டுகிறது. இறந்த விமானிகளின் வாயில் சொற்களைத் திணிப்பது அவர்தம் குடும்பங்களுக்கும் இழைக்கும் தீங்கு என்பதால், இந்தச் சரிபார்ப்பு வெறும் ஆய்வு நெறியன்று.

2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 613, ஹைட்ராலிக் கோளாற்றால் எரிபொருளைக் குறைப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமிட்டு, 141 பேருடன் பாதுகாப்பாக இறங்கியது. விமானிகள் அவசரநிலை அறிவித்தனர் என்று செய்திகள் வந்தன. அவர்கள் அப்படி அறிவிக்கவில்லை, தொழில்நுட்பக் கோளாற்றை மட்டுமே தெரிவித்தனர் என்று நிறுவனம் கூறியது. தரையில் தீயணைப்பு வண்டிகளையும் ஆம்புலன்ஸ்களையும் நிறுத்தி ஆயத்தமானது விமான நிலையம். விமானம் கண்ணுக்கெதிரே வட்டமிட்டுக்கொண்டிருக்கும்போதே, யார் என்ன சொன்னார் என்பதில் இவ்வளவு வேறுபாடு எழுந்தது. ஆயினும் இதில் மர்மம் எதுவும் மிஞ்சவில்லை. விமானத்தின் நிலையை விமானியும் கட்டுப்பாட்டு அறையும் ஒரேபோல அறிந்திருந்தனர். 2018 அதிகாலையில் இல்லாதிருந்தது அதுவே.

எனவே விசாரணைக் குழுக்கள் இன்று வானொலிப் பதிவைத் தனியே வாசிப்பதில்லை. விமானி அறையின் குரல் பதிவு, பறப்புத் தரவுப் பதிவு, ரேடார் தடம் ஆகியவற்றை ஒரே கடிகாரத்தில் வரிசைப்படுத்தி, ஒவ்வொரு சொல்லும் வெளிப்பட்ட வினாடியில் விமானம் எங்கே, எந்த நிலையில் இருந்தது என்று பார்க்கின்றன. திருச்சி விமானத்தின் எந்திர விசை குறைந்த கணம் அகப்பட்டது அப்படித்தான். ஸ்டார் டஸ்டில் இத்தகைய பதிவுக் கருவி எதுவும் இல்லை. அதன் தடத்துக்கு எஞ்சிய சான்றுகள் பனியாறு கொணர்ந்த உலோகமும், சாண்டியாகோவில் எழுதி வைக்கப்பட்ட வருகை நேரமும் மட்டுமே.