ஏடு நம்முடையது; சாவி எவருடையது?

பாட்டனார் காலத்து மனைப் பத்திரம் ஒன்று நம் வீட்டுப் பெட்டியில் கிடக்கிறது என்று வைத்துக் கொள்வோம். தாள் பழுப்பேறியிருக்கும், மடிப்புகளில் கிழிசல் கண்டிருக்கும். ஆயினும் எழுத்தறிந்த எவரும் அதை விரித்து வைத்துப் படித்துவிடலாம். அதை எழுதிய பேனாவைச் செய்த கம்பெனி இன்றும் இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை.

கணினியில் எழுதிய ஆவணத்தின் நிலை அதுவன்று. அங்கே எழுத்துகள் யாவும் எண்களாகவே சேமிக்கப்படுகின்றன. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும், பத்தி எங்கே முடியும், அட்டவணை எங்கே தொடங்கும் என்பதற்கெல்லாம் ஓர் ஒழுங்கு உண்டு. அதனையே கோப்பு வடிவம் என்கிறோம். அவ்வொழுங்கு யாவரும் அறிய வெளியிடப்பட்டிருந்தால், அதைப் படிக்கும் மென்பொருளை எவரும் ஆக்கிக் கொள்ளலாம். ஒரு நிறுவனத்தின் கைக்குள் அடங்கியிருந்தாலோ, ஏடு நம்முடையது; திறக்கும் சாவி பிறருடையது.

1990களில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் வேர்டும் எக்செலும் உலகத்து அலுவலகங்களையெல்லாம் ஆட்கொண்டன. அவற்றின் பழைய வடிவங்களுக்கான விளக்கத்தை யாவரும் தங்குதடையின்றிப் பெறும்படி அந்நிறுவனம் வெளியிட்டது 2008 பிப்ரவரியில்தான். இதற்கிடையே மற்றொரு வழியும் பிறந்தது. ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தை 1999இல் வாங்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ், அதன் அலுவலக மென்பொருளின் மூலநிரலை 2000ஆம் ஆண்டில் பொதுவில் வைத்தது. அதன் கோப்பு வடிவமே திருத்தம் பெற்று, ‘ஓப்பன் டாக்குமெண்ட்’ என்னும் பெயரில் 2005 மே மாதம் ஒயேசிஸ் அமைப்பின் தரமாயிற்று, 2006இல் ஐ.எஸ்.ஓ.வின் அங்கீகாரத்தையும் பெற்றது.

சண்டை மூண்ட இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம். அரசின் ஆவணங்கள் 2007 ஜனவரி 1 முதல் திறந்த வடிவங்களிலேயே அமைய வேண்டும் என்று அம்மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறை 2005 செப்டம்பரில் முடிவு செய்தது. அலுவலக ஆவணங்களுக்கு ஓப்பன் டாக்குமெண்ட் தேர்ந்தெடுக்கப்பட்டது. மக்களின் வரிப்பணத்தில் உருவாகும் ஆவணம் தலைமுறைகள் கடந்தும் மக்களால் படிக்கப்பட வேண்டும் என்பதே அதன் நியாயம்.

எதிர்ப்பு பல திக்குகளிலிருந்தும் எழுந்தது. அவற்றுள் ஒன்றை நாம் எளிதில் தள்ளிவிடுதல் ஆகாது. பார்வையற்றோர் திரையிலுள்ளதை ஒலியாகக் கேட்க உதவும் மென்பொருள்கள் மைக்ரோசாஃப்டின் மென்பொருளுடனேயே நன்கு இயங்கின. புதியதுடன் அவ்வாறு இயங்கவில்லை. ‘எல்லார்க்கும் திறந்தது என்கிறீர்கள், எங்களுக்கு மட்டும் ஏன் அடைக்கிறீர்கள்?’ என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். நேர்மையான கேள்வி அது. மைக்ரோசாஃப்டின் மென்பொருளையே வைத்துக் கொண்டு, கோப்பை மட்டும் திறந்த வடிவுக்கு மாற்றித் தரும் இணைப்பு மென்பொருளைப் பயன்படுத்துவது என 2006இல் அரசு முடிவு கண்டது.

துறைத் தலைவர் பீட்டர் க்வின் அதற்கு முன்பே விலகிவிட்டார். அவருடைய வெளியூர்ப் பயணங்களைப் பற்றி நாளேடு ஒன்று ஐயம் எழுப்பியது. விசாரணையில் அவர்மீது குற்றமில்லை எனத் தெளிவாயிற்று. எனினும் 2005ஆம் ஆண்டின் இறுதியில் பதவி விலகலை அறிவித்தார். 2007 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ், மைக்ரோசாஃப்டின் புதிய வடிவத்தையும் தன் பட்டியலில் சேர்த்துக் கொண்டது.

அப்புதிய வடிவந்தான் ‘ஆபீஸ் ஓப்பன் எக்ஸ்எம்எல்’. எக்மா அமைப்பு 2006 டிசம்பரில் அதனை ஏற்று, விரைவு வழியில் ஐ.எஸ்.ஓ.வின் முன் வைத்தது. அதன் விளக்கவுரை ஏறத்தாழ 6,000 பக்கங்கள்! அதில் ஒரு விந்தையைக் காண்போம். 1900 லீப் ஆண்டன்று. லோட்டஸ் 1-2-3 என்னும் பழைய மென்பொருள் அதனைத் தவறாக லீப் ஆண்டெனக் கொண்டது. அதனோடு ஒத்துப் போவதற்காக எக்செலும் அப்பிழையை ஏற்றது. பின்னர் அதுவே தரத்தின் ஏட்டிலும் ஏறிற்று. பிழையைத் தரமாக்கலாமா என்றனர் எதிர்த்தோர். ஏற்கெனவே குவிந்து கிடக்கும் ஆவணங்கள் மாறாமல் திறக்க வேண்டாமா என்றனர் ஆதரித்தோர்.

2007 செப்டம்பர் வாக்கெடுப்பில் முழுப் பங்கேற்பு நாடுகளில் 53 விழுக்காடே ஆதரித்தது. தேவைப்பட்டதோ மூன்றில் இரு பங்கு. சுவீடனில் ஓர் உறுப்பினர் ஒன்றுக்கு மேல் வாக்களித்ததால் அந்நாட்டின் முடிவே செல்லாது போயிற்று. குவிந்த திருத்தக் குறிப்புகளோ 3,500க்கும் மேல். 2008 பிப்ரவரியில் ஜெனீவாவில் ஐந்தே நாள் கூடிப் பேசினர். மார்ச் மாதம் முடிந்த வாக்கெடுப்பில் ஆதரவு 75 விழுக்காடாக உயர்ந்து, தரம் நிறைவேறியது. நம் இந்தியா இருமுறையும் எதிர்த்தே வாக்களித்தது. பிரேசில், தென்னாப்பிரிக்கா, வெனிசுலா ஆகியவற்றோடு சேர்ந்து மேல்முறையீடும் செய்தது. ஆகஸ்டில் அது தள்ளப்பட்டது.

அப்படியாயின் திறந்த வடிவம் தோற்றதா? இல்லை என்பதே நம் எண்ணம். 2009இல் மைக்ரோசாஃப்டே தன் மென்பொருளில் ஓப்பன் டாக்குமெண்டைத் திறக்கவும் சேமிக்கவும் வழி செய்தது. 2010இல் இந்திய அரசு மின்னாளுகைக்குத் திறந்த தரக் கொள்கையை வெளியிட்டது. 2014இல் பிரிட்டிஷ் அரசு, பிறருடன் பகிர்ந்து திருத்தும் ஆவணங்களுக்கு ஓப்பன் டாக்குமெண்டையே தேர்ந்தெடுத்தது. போட்டிக்கு வந்த வடிவமும் தன் விளக்கத்தை ஊரறிய வெளியிட்டே வர வேண்டியதாயிற்று. இவ்வழக்கின் மெய்யான வெற்றி இதுவே.

தமிழராகிய நமக்கு இந்தத் துன்பம் புதிதன்று. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை இருந்த நாள்களில் நாம் தட்டெழுதி வைத்த கட்டுரைகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றுவதைக் கண்டிருக்கிறோம். 2010இல் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது அத்துயருக்கு மருந்தாயிற்று. எழுத்துக்குப் பொது முறை வேண்டுமெனில், எழுத்தைத் தாங்கும் ஏட்டுக்கும் அது வேண்டுமன்றோ?

குடும்ப வரலாறு, பெரியோரின் கடிதங்கள், சங்கக் கணக்குகள் ஆகியவற்றை இன்று நாம் கணினியில் ஒப்படைக்கிறோம். சேமிக்கும் முன் ஒரு கேள்வியை நாமே கேட்டுக் கொள்வோம்: நம் பேரப்பிள்ளைகள் எவருடைய அனுமதியையும் நாடாமல் இதைத் திறந்து படிக்க முடியுமா? பாட்டனார் நமக்கு விட்டுச் சென்ற பத்திரத்துக்குச் சாவி தேவைப்படவில்லை. நாம் விட்டுச் செல்வதும் அப்படியே இருக்கட்டும்.